நான் அழகாக அடுக்கிய வயர்கள்

போன வருடம் தைப்பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். பொகவந்தலாவைக் கடைவீதியையும் தாண்டி, பஸ் திரும்பி நிற்கும் இடத்துக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கேதான் இது நடந்தது. இப்போது சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்று சிரிக்கவில்லை.

நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. மகளுக்கு இரண்டரை வயதாகும்போது, செடிகளுக்கு இலைவழி உரம் தெளிக்கத் தோட்டத்தில் ஒரு ட்ரோன் வாங்கினார்கள். அதை ஓட்டப் பழகுவதற்குப் படித்த ஓர் ஆள் வேண்டும் என்று கண்டாக்கு ஐயா எங்கள் வாசலுக்கே வந்து கேட்டார். தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தரை நாங்கள் கண்டாக்கு என்றுதான் சொல்வோம்.

நானோ கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிறவள். மகள் ஒரு தும்மல் போட்டால் அவள் நெற்றியை நாலு தடவை தொட்டுப் பார்க்கிறவள். அதை அவரிடமே சொன்னேன்.

"பயந்த ஆளுதான் நமக்கு வேணும் புள்ள. பயமில்லாதவன் கையில குடுத்தா அது மொத நாளே ஆத்துல கெடக்கும்" என்றார்.

ஆறு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் விசிறியோடு ஒரு மோட்டார், நடுவில் மின்கலமும் உரத் தண்ணீர் டாங்கியும். அதுதான் மெஷின். எண்ணெய் இல்லை, புகை இல்லை, எல்லாம் மின்சாரம். திசை பார்ப்பதற்கு, காந்த ஊசியின் வேலையைச் செய்யும் ஒரு சின்னப் பெட்டியும் அதில் இருந்தது. பூட்டிக் கொடுத்து எனக்குப் பழக்கிவிட வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் பொறியாளர் ஒருவர். என் வயதுதான் இருக்கும். நான் "மிஸ்" என்று கூப்பிட, ஒவ்வொரு தடவையும் "மிஸ் எண்டு சொல்லாதேங்கோ, எனக்கு வகுப்புக்குப் போற ஞாபகம் வருது" என்பார். அடுத்த நிமிடமே நான் மறுபடி மிஸ் என்பேன். ஒரு வாரம் கூட நின்று சொல்லித் தந்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு பறப்புக்கும் நேரம், காற்று, டாங்கியில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதுவேன். அவர் அவ்வளவு கேட்கவில்லை. எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு, தலைமையகத்தில் இருந்து மூன்று பேர் ட்ரோனைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

தோட்டத்தில் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் ஓடும் கான் வெட்டுவார்கள். பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். பிள்ளை மடுவத்தில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தில், திரைச்சீலை புதிதாகும். அவர்கள் வரும் நாளில் எல்லாம் நேராக, வெள்ளையாக, வரிசையாக இருக்க வேண்டும். எங்கள் தாத்தா காலத்து வெள்ளைக்காரத் தொரைமார் போட்ட பழக்கம். தொரைமார் போய்விட்டார்கள், பழக்கம் இருக்கிறது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் கண்டாக்கு ஐயா என்னிடம் வந்தார். "அந்த மெஷினையும் கொஞ்சம் தொடச்சி, ஒழுங்கு பண்ணி வையி புள்ள" என்றார்.

மேல் மூடியைத் திறந்தேன். மின்கலத்தில் இருந்து மோட்டார்களுக்குப் போகும் சிவப்பு, கறுப்பு வயர்கள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கிடந்தன. திசை பார்க்கும் பெட்டி நடுவில் இல்லாமல், இடது பக்கம் ஒரு தண்டின் நுனியில் கோணலாக ஒட்டியிருந்தது. அதன் மெல்லிய வயர் மட்டும் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு தூரமாகப் போனது. காலையில் சீவாமல் விட்ட என் மகளின் தலை மாதிரி இருந்தது. அந்த மிஸ் அவசரத்தில் இப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

உட்கார்ந்து முறுக்குகளைப் பிரித்தேன். சிவப்பை ஒரு பக்கமும் கறுப்பை மறு பக்கமும் நேராக இழுத்துக் கட்டினேன். பெட்டியைத் தண்டில் இருந்து கழற்றி, நடுவில், வயர்களுக்குப் பக்கத்தில் சமமாக உட்கார வைத்தேன். மெல்லிய வயரையும் பெரிய வயர்களோடு சேர்த்துக் கட்டினேன். ஒரு மணித்தியாலம் ஆனது. கண்டாக்கு ஐயா எட்டிப் பார்த்து, "இப்பத்தான் பாக்குற மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொப்பியில் 'மெஷின் துப்புரவு செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் காலை வெயில் நன்றாக இருந்தது. நிலத்தில் வைத்துச் சோதித்தபோது திரையில் எல்லாம் பச்சை. முதலில் வெறும் டாங்கியோடு ஒரு சுற்று காட்டினேன். நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் வந்தது. வந்தவர்கள் தலையாட்டினார்கள். பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் பாதையோரம் வந்து நின்றார்கள். பிறகு டாங்கியை நிரப்பி, தெளிக்கும் பம்பையும் போட்டு ஏற்றினேன்.

மேலே எழும்பியதும் மெஷின் நேராகப் போகவில்லை. மெதுவாக ஒரு வட்டம் போட்டது. நான் நேராக்கப் பார்த்தேன். அதைவிடப் பெரிய வட்டம் போட்டது.

"பாருங்கடி, மெஷினுக்குப் பக்தி வந்துருச்சு. கோயில் சுத்துது" என்றார் ஓர் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

"மூணு சுத்து சுத்திட்டு விழுந்து கும்பிடும் பாரு" என்றார் இன்னொருவர்.

விழும் என்றதும் நான் கீழே பார்த்தேன். மலை கீழே சரியும் இடத்தில்தான் பிள்ளை மடுவம். ஒவ்வொரு வட்டத்திலும் மெஷின் அந்தத் தகரக் கூரைக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு, பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று மடுவத்து ஆயாம்மா எல்லோரையும் வெளியே கூட்டி வந்து வேலியோரம் நிறுத்தியிருந்தார். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட என் மகள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படி நடந்தால் திசைப் பெட்டியை விட்டுவிட்டுக் கையாலேயே ஓட்ட ஒரு சுவிட்ச் இருக்கிறது. பொறியாளர் காட்டித் தந்திருந்தார், நானும் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். அந்த நேரம் அது எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்த பம்பை நிறுத்தவும் மறந்துவிட்டேன். மெஷின் சுற்றிச் சுற்றி உரத் தண்ணீரைக் கொட்டியது. சிரித்த அக்காமார் மேல், வந்தவர்களின் வெள்ளை வாகனத்தின் மேல், கண்டாக்கு ஐயாவின் புதுச் சட்டை மேல்.

ஆனால் அந்த மறதிதான் காப்பாற்றியது. டாங்கி காலியாகக் காலியாக வட்டம் சின்னதானது. கடைசிச் சொட்டும் போனபோது மெஷின் நான் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தது. பிள்ளை மடுவத்துக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதையில் இறக்கினேன். வேலியோரம் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

வந்தவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பரவாயில்லை, பரவாயில்லை என்று சிங்களத்தில் சொன்னார். அக்காமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யூரியாத் தண்ணி ஐயா. ஒரு கெழமையில ஒங்களுக்கும் கொழுந்து விட்ரும்" என்று கண்டாக்கு ஐயாவைக் கிண்டல் செய்தார்கள். ஆனால் போகும்போது பெரிய ஆட்கள் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள்: காரணம் தெரியும்வரை பறக்கக் கூடாது.

"காரணம் என்னா காரணம், அந்தா நிக்கிதே" என்று கண்டாக்கு ஐயா மலை உச்சியில் போகும் உயர் அழுத்த மின்கம்பியைக் காட்டினார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கும் அந்தக் காரணம் மிகவும் பிடித்திருந்தது.

அன்று மத்தியானம் கொப்பியில் எழுத உட்கார்ந்தேன். முதல் பறப்பு, டாங்கி வெறுமை, நேராகப் போனது. இரண்டாவது, டாங்கி நிறைவு, வட்டம். தண்ணீர் குறையக் குறைய வட்டம் குறைந்தது. எழுதி முடித்துப் பார்த்தேன். மின்கம்பி நின்ற இடத்திலேயே நின்றது. மாறியது டாங்கி மட்டும்தான். முதல் நாள் வரை இப்படி நடந்ததே இல்லை. முதல் நாள் நான் என்ன செய்தேன்?

இங்கேதான் என் பிரச்சினை. மகளுக்குக் காய்ச்சல் வந்தால், அதற்கு முதல் நாள் நான் கொடுத்த வாழைப்பழத்தைத்தான் சந்தேகிப்பேன். மழை பெய்து துணி நனைந்தாலும் என் பிழைதான். ஆகவே இது உண்மையிலேயே என் பிழையா, அல்லது நான் எப்போதும் போல என்னையே குற்றம் சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சோதனையில் எல்லாம் பச்சையாகத்தானே இருந்தது? சொன்னால் வேலை போய்விடும். வேலை போனால் மகளை முன்பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தையும் ஒத்திப் போட வேண்டும். தொலைபேசியில் கணவரிடம்கூட "கம்பியாலதானாம்" என்றுதான் சொன்னேன்.

அடுத்த நாள் பொறியாளர் வந்து சேர்ந்தார். ஹட்டனில் இருந்து வரும் வளைவுகளில் மூன்று தடவை வாந்தி எடுத்திருந்தார். இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டீ குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. "உந்த ரோட்டைப் போட்டவன் பாம்பைப் பாத்துப் போட்டிருக்கிறான்" என்றார். பிறகு ஒரு அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு கண்டாக்கு ஐயாவுடன் மின்கம்பிக்குக் கீழே போனார். கருவியில் ஏதோ அசைந்தது. கண்டாக்கு ஐயா, "நான்தான் சொன்னேனே" என்றார்.

"அப்ப இந்த மேல் மலையில பறக்க வேண்டாம். கம்பி இல்லாத கீழ் மலையில நாளைக்கு ஒருக்கா ஓட்டிப் பாப்பம்" என்றார் பொறியாளர்.

கீழ் மலை என்றால் பிள்ளை மடுவத்துக்கு அடுத்த வேலி.

நாளைக்கும் மெஷின் வட்டம் போட்டால்? பம்பு மறுபடி காப்பாற்றுமோ என்னவோ, வேலியோரம் மஞ்சள் ஸ்வெட்டர் நிற்கும். அந்த ஒரு நிமிடத்தில், என் பிழையா இல்லையா என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பது இல்லை என்று தோன்றியது. சந்தேகத்தைச் சந்தேகமாகவே சொல்லலாமே.

"மிஸ், அந்த வயரெல்லாம் நான்தான் பிரிச்சு அடுக்கினேங்க. பெட்டியையும் நடுவுல வச்சேன். அதனாலயா என்னான்னு தெரியல. இல்லாமலும் இருக்கலாம். ஆனா சொல்லாம இருக்க முடியலங்க."

அவர் போய் மூடியைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, எவ்வளவு வடிவாய் அடுக்கியிருக்கிறியள்" என்றார். "உங்கட கொப்பியைத் தாங்கோ."

கொப்பியைப் படித்துவிட்டு, "வெறும் டாங்கியோட நேராப் போயிருக்கு. நிறைஞ்சா சுத்தியிருக்கு. இது போதும், கம்பி இல்லை" என்றார்.

பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்து விளக்கினார். வயரில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தம் உண்டாகும். அதை நானும் உயர்தரத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். போகும் வயரையும் திரும்பி வரும் வயரையும் ஒன்றாக முறுக்கினால், ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். பிரித்து வைத்தால் அழியாது. பாரம் கூடினால் மோட்டார்கள் அதிக மின்சாரம் இழுக்கும், காந்தமும் கூடும். அந்தக் காந்தத்துக்குப் பக்கத்தில் திசை பார்க்கும் பெட்டியை நான் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தேன். மோட்டார்கள் ஓடாமல் நிலத்தில் நின்றபோது எல்லாம் பச்சையாக இருந்ததும் அதனால்தான்.

"வெளிநாட்டில ஆள் ஏறுற மின்சார விமானம் செய்யிறவையளுக்கும் இதே தலையிடிதான். அங்க வயர் இன்னும் தடிப்பு. எந்த வயர் எதுக்குப் பக்கத்தால போகலாம் எண்டு பாக்கிறதே பெரிய வேலை" என்றார். ஆள் ஏறுகிற விமானத்தை நான் துடைத்து ஒழுங்கு செய்வதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

சொன்னதோடு விடவில்லை, செய்தும் காட்டினார். விசிறிகளை மாற்றிப் பூட்டி, மெஷின் மேலே எழும்பாமல் நிலத்தையே அழுத்துகிற மாதிரி செய்து, கயிற்றாலும் கட்டினார். தள்ளி நின்று வேகத்தைக் கூட்டினோம். மெஷின் அசையவே இல்லை. ஆனால் திரையில் வடக்கு கிழக்காகிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் நின்றுகொண்டே, தான் திரும்புகிறேன் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது நன்றாகவே விளங்கியது. நானும் பல நாட்கள் அப்படித்தான்.

"இப்ப திருப்பி முறுக்க வேணும்" என்று அவரே ஆரம்பித்தார். அவர் முறுக்கியது ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் தொளதொளவென்று இருந்தது. நான் வாங்கிச் செய்தேன். தினமும் ஓடுகிற பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துப் பின்னல் போடுகிறவளுக்கு, ஓடாத வயர் ஒரு வேலையா? ஆறு மோட்டாருக்கும் ஒரே அளவாக முறுக்கினேன். பெட்டியைப் பழைய கோணல் தண்டிலேயே ஒட்டினேன். மறுபடி வேகத்தைக் கூட்டினோம். வடக்கு வடக்காகவே நின்றது.

அப்போதுதான் அவர் குரல் தணிந்தது. "பிழை என்னிலதான். எதைச் செய்ய வேணும் எண்டு சொல்லித் தந்தன். ஏன் எண்டு சொல்லேல்ல."

பின்னால் நின்ற கண்டாக்கு ஐயா தொண்டையைச் செருமினார். "ஒழுங்கு பண்ணச் சொன்னது நான்தானே மிஸ்" என்றார். மூன்று பேரும் ஆளுக்கு ஆள் பிழையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். ஒரு பிழையும் செய்யாதது மலை உச்சியில் நின்ற மின்கம்பி மட்டும்தான்.

விசிறிகளைப் பழையபடி பூட்டி, அன்று பின்னேரமே யாரும் இல்லாத மேல் மலையில், மின்கம்பியில் இருந்து முன்பு பறந்த அதே தூரத்தில், டாங்கியை நிரப்பி ஏற்றினோம். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பறக்கும் முன் விரலால் பத்துத் தடவை தொட்டுப் பார்த்தேன். தேவைப்படவில்லை. மெஷின் வரிசை தப்பாமல் போய் வந்தது. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த அக்காமார் பாதையில் நின்றார்கள். இந்தத் தடவை குடை பிடித்துக்கொண்டு.

"என்னா மெஷின் புள்ள, சாமி கும்பிட்டு முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார் அதே அக்கா.

"முடிஞ்சிருச்சுக்கா. கொடைய மடக்குங்க."

"ஒன்னய நம்பி எப்பிடி மடக்குறது?" என்றார். மடக்கினார்.

பொறியாளர் தன் அறிக்கையில் என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டினார். என் பெயருக்குப் பக்கத்தில், குறிப்புகள் எடுத்ததால்தான் காரணம் கண்டுபிடிக்க முடிந்தது என்று இருந்தது. முறுக்கைப் பிரித்ததும் இருந்தது, மறைக்கவில்லை. வேலை போகவில்லை. அவரது நிறுவனத்தில் இப்போது எல்லா மெஷின்களிலும் மூடிக்குள் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டுகிறார்களாம்: முறுக்கைப் பிரிக்க வேண்டாம், பெட்டியை நகர்த்த வேண்டாம். அதற்குக் கீழே ஏன் என்று இரண்டு வரி. தமிழ் வரிகள் நான் எழுதியவை. சிங்களத்தைக் கண்டாக்கு ஐயா பார்த்துத் தந்தார். பஸ் ஏறும்போது பொறியாளருக்கு ஒரு பொட்டலம் இஞ்சி கொடுத்தேன். "போயிட்டு வாங்க மிஸ்" என்றேன். அவர் ஜன்னலால் தலையை நீட்டி ஏதோ திட்டினார், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறேன். மகள் இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள், அவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியை மூன்று தடவை திருகிப் பார்க்கிறேன். ஆனால் ஒழுங்கில்லாமல் தெரியும் ஒன்றைத் தொடுவதற்கு முன், இது ஏன் இப்படி இருக்கிறது என்று யாரையாவது கேட்கப் பழகியிருக்கிறேன். போன மாதமும் பெரிய ஆட்கள் வந்தார்கள். கற்களுக்குச் சுண்ணாம்பு பூசினோம், கான் வெட்டினோம். மெஷினில் அந்தப் பெட்டி மட்டும் கோணலாகவே நின்றது. வந்தவர்களில் ஒருவர் அதைக் காட்டிக் கேட்டபோது, அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நின்று விளக்கினேன். எதைச் செய்தாலும் சரியா பிழையா என்று நூறு தடவை யோசிக்கிற நான், அன்று பொறியாளரிடம் வாயைத் திறந்து "நான்தான்" என்று சொன்னதைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு தடவையும் யோசித்ததில்லை.